பதினொரு மைல்



லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாகிப். இந்த ஏழு பெயர்களைச் சொல்லித் தொடங்குகிறேன். ஏழும் கோவேறு கழுதைகள். இமயமலைப் பகுதியில் பழக்கப்பட்டு, இந்தியாவிலிருந்து கப்பலேறி, 1912ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில் இறங்கியவை. வெண்பனியின் கூச்சத்திலிருந்து காக்க அவற்றின் கண்களுக்குக் கண்ணாடியும், கால் புதையாதிருக்கக் குளம்புகளுக்கு வலைச் சட்டங்களும் உடன் போயின. அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் டாக்டர் எட்வர்ட் அட்கின்சன் தலைமையில் ஒரு குழு அவற்றை ஓட்டிக்கொண்டு தெற்கே புறப்பட்டது. தென் துருவத்துக்குப் போய், குளிர்காலத்துக்கு முன்பே திரும்பியிருக்க வேண்டிய ஐந்து பேரைத் தேடிப் போன குழு அது. நவம்பர் 12ஆம் தேதி, முன்னால் போய்க்கொண்டிருந்த சார்ல்ஸ் ரைட் என்ற கனடா நாட்டு இயற்பியலாளர் பனிமேட்டில் ஏதோ துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அது ஒரு கூடாரத்தின் உச்சி. பனியை விலக்கினார்கள். உள்ளே கேப்டன் ராபர்ட் ஸ்காட், டாக்டர் எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ் மூவரும் இறந்து கிடந்தார்கள்.

அங்கிருந்து வடக்கே பதினொரு கடல் மைலில் ஒரு கிடங்கு. நம் கணக்கில் இருபது கிலோமீட்டர், திருச்சிக்கும் லால்குடிக்கும் உள்ள தூரம்தான். அதில் உணவும் இருந்தது, எரிபொருளும் இருந்தது. வைத்தபோது ஒரு டன்னுக்கு மேல் சரக்கு இருந்ததால் 'ஒரு டன் கிடங்கு' என்றே அதற்குப் பெயர். ஸ்காட்டின் நாட்குறிப்பில் கடைசிப் பதிவு மார்ச் 29ஆம் தேதிக்கு உரியது.

பள்ளிப் பாடத்தில் இந்தக் கதையை வீரக்கதையாகப் படித்தேன். கண் கலங்கவும் செய்தது. ஆனால் நான் வளர்ந்தது ஸ்டவ் பழுது பார்க்கும் கடையில். என் தந்தையார் கடைத்தெருவில் ஒரு சின்ன இடத்தில் உட்கார்ந்து பம்ப் ஸ்டவ்களுக்கு வாஷர் மாற்றியும் பர்னர் அடைப்பு எடுத்தும் எங்களை வளர்த்தார். காற்று ஏறாத ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வருகிற அம்மாக்களிடம் அவர் முதலில் கேட்கும் கேள்வி, "தோல் காய்ஞ்சிருக்கா பாத்தீங்களா?" என்பதுதான். புதுத் தோல் வாஷரை எண்ணெயில் ஊற வைக்காமல் அவர் மாட்டமாட்டார். காய்ந்த தோல் சுருங்கும், சுருங்கினால் கசியும். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்காட்டின் பயணத்தைப் பற்றிய நூல்களைப் படித்துக்கொண்டிருந்தபோது, கிடங்குகளில் வைத்த மண்ணெண்ணெய் குறைந்துபோனதற்குத் தகரங்களின் மூடியிலிருந்த தோல் வாஷர் குளிரில் கெட்டதே காரணம் என்ற இடத்துக்கு வந்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கதை எனக்கு வீரக்கதையாக மட்டும் இல்லை. அந்தப் பதினொரு மைல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியாக ஆகிவிட்டது. இன்று உங்கள் முன் அந்தக் கேள்வியைத்தான் வைக்கப்போகிறேன்.

முதல் விடை கிடங்கு வைத்த இடத்திலேயே இருக்கிறது. துருவத்துக்குப் போவதற்கு முந்தைய கோடையில், 1911 ஜனவரி இறுதியில், திரும்பும் வழிக்கான சரக்கை முன்கூட்டியே கொண்டுபோய் வைக்க ஸ்காட் கிளம்பினார். தென் அட்சரேகை 80 பாகையில் வைப்பதாகத் திட்டம். இழுத்துப் போனவை மஞ்சூரியாவில் வாங்கிய மட்டக் குதிரைகள். குதிரை வியர்க்கிற பிராணி. வியர்வை உறைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கனமான உடம்பு, சிறிய குளம்பு, ஆகையால் பனியில் வயிறு வரை புதையும். குதிரைகளின் பொறுப்பாளர் லாரன்ஸ் ஓட்ஸ், இந்தியாவில் பணியாற்றிய குதிரைப்படை அதிகாரி. தளர்ந்த குதிரைகளை இன்னும் தெற்கே ஓட்டிப் போகலாம், விழுகிறதைக் கொன்று இறைச்சியைக் கிடங்கில் போட்டுவிடலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். வாயில்லாப் பிராணிகளை அப்படி வதைக்க ஸ்காட்டுக்கு மனம் வரவில்லை. 79 பாகை 29 கலையில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். திட்டமிட்ட இடத்துக்கு 31 கடல் மைல் குறைவு. திரும்பும் வழியிலேயே எட்டுக் குதிரைகளில் ஆறு மாண்டுபோயின. இரக்கப்பட்டும் அவை பிழைக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். 80 பாகையில் கிடங்கு இருந்திருந்தால், ஓராண்டுக்குப் பின் அந்த மூவரும் கடைசிக் கூடாரம் அடிப்பதற்கு முன்பே அதை எட்டியிருப்பார்கள். ஸ்காட்டின் இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை, அது நல்ல மனிதரின் இரக்கம். ஆனால் ஓட்ஸ் சொன்னது தொழில் தெரிந்தவரின் சொல். குதிரையைக் கொண்டுவந்த அன்றே அதன் முடிவும் தீர்மானமாகிவிட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏன் குதிரையை நம்பினார், ஏன் நாயை அவ்வளவாக நம்பவில்லை? இங்கே ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய கை நம் நீலகிரி வரை நீண்டிருக்கிறது. சர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். 1860இல் பெரு நாட்டின் மலைக்காடுகளில் சின்கோனாக் கன்றுகளைத் திரட்டிக்கொண்டு உதகமண்டலத்துக்கு வந்தவர். மலைச்சுரத்துக்கு மருந்தாகும் அந்த மரம் நீலகிரியில் வேர்விட்டதற்கு முன்னின்றவர்களில் ஒருவர். அதே மார்க்கம் பிற்காலத்தில் லண்டனின் ராயல் புவியியல் கழகத்துக்குத் தலைவரானார். இளம் கடற்படை அதிகாரியான ஸ்காட்டைத் தேர்ந்தெடுத்து 1901இல் அண்டார்க்டிகாவுக்கு அனுப்பியவரும் அவரே.

மார்க்கம் இளவயதில் கடற்படையில் இருந்தபோது, காணாமல் போன ஃப்ராங்க்ளினைத் தேடி வடதுருவப் பகுதிக்குப் போனவர். அங்கே மாலுமிகள் தோளில் வாரைப் பூட்டிக்கொண்டு சறுக்கு வண்டிகளை இழுத்ததை ஆண்மையின் உச்சமாக எண்ணினார். நாய்களைப் பூட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆந்தீஸ் மலை மக்களின் மருந்துப் பட்டையைத் தேடி உலகின் மறுபாதி வரை போனவர், பனியில் வாழும் மக்களின் வண்டியையும் நாயையும் மட்டும் ஏன் கற்றுக்கொள்ளத் தக்கதாகக் கருதவில்லை? எத்தனை முறை யோசித்தாலும் இது எனக்கு உறுத்துகிறது. மருந்தாக வந்தபோது ஏற்றுக்கொண்ட அறிவைப் பெருமைக்குக் குறுக்கே வந்தபோது அவர் தள்ளிவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

ஃப்ராங்க்ளின் கதையையும் சில வாக்கியங்களில் சொல்லிவிடுகிறேன். 1845இல் இரண்டு கப்பல்களில் வடக்கே போன 129 பேர் கனடாவின் வடகோடியில், கிங் வில்லியம் தீவுப் பக்கம் பட்டினியிலும் நோயிலும் மடிந்தார்கள். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இனுயிட் மக்களிடம் கேட்டறிந்து 1854இல் ஜான் ரே என்ற மருத்துவர் லண்டனுக்குச் சொன்னபோது, பசியில் மனித மாமிசம் தின்றார்கள் என்ற செய்தியைப் பொறுக்கமாட்டாமல் சார்லஸ் டிக்கன்ஸ் போன்றவர்களே அந்த மக்களைப் பொய்யர்கள் என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னது மெய் என்று எலும்புகளில் இருந்த கத்திக் கீறல்கள் பிற்காலத்தில் காட்டின. அந்த இரண்டு கப்பல்களும் 2014இலும் 2016இலும் கடலடியில் கிடைத்தன. இனுயிட் முதியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த இடக்குறிப்புகள் அந்தத் தேடலுக்குப் பெருந்துணையாக இருந்தன.

அதே கிங் வில்லியம் தீவில், ஃப்ராங்க்ளினின் ஆட்கள் மடிந்து அரை நூற்றாண்டு கழித்து, ஒரு நார்வேக்காரர் வந்து இரண்டு குளிர்காலம் தங்கினார். ருவால் அமுண்ட்சென். 'யோவா' என்ற 47 டன் மீன்பிடிப் படகு, உடன் ஆறே பேர். 1903 முதல் 1905 வரை அங்கே நெட்சிலிக் இனுயிட் மக்களின் பக்கத்தில் வாழ்ந்தார். அங்கே அவர் செய்ததை ஒரே சொல்லில் சொல்வதானால், பாடம் கேட்டார். மான்தோல் உடுப்பை எப்படி உடுப்பது? உள்ளுடுப்பின் மயிர் உடலைத் தொடும்படியும் வெளியுடுப்பின் மயிர் வெளியே பார்க்கும்படியும். இறுக்கக் கூடாது, தளர்வாகத் தொங்க வேண்டும், நடுவில் காற்று புழங்க வேண்டும். வியர்க்கும் அளவுக்கு வேலை செய்யக் கூடாது, ஏனென்றால் கடுங்குளிரில் வியர்வையே எமன். பனிவீடு எப்படிக் கட்டுவது, பனி மணலைப் போல வண்டியைப் பிடித்து இழுக்கும் நாட்களில் வண்டியின் அடிக்கட்டையில் எப்படிப் பனிப்பூச்சுக் கொடுப்பது, நாயை எப்படி நடத்துவது, எல்லாவற்றையும் மாணவனாக உட்கார்ந்து கற்றார். சொல்லிக்கொடுத்தவர்கள் எவருக்கும் எந்தக் கழகத்திலும் பதக்கம் கிடையாது.

அதற்கும் முன்னால் அவருக்கு இன்னொரு பள்ளி இருந்தது. 1897இல் பெல்ஜியத்தின் 'பெல்ஜிகா' கப்பலில் துணை அதிகாரியாகத் தெற்கே போனார். கப்பல் பனியில் சிக்கியது. அண்டார்க்டிகப் பனிக்கடலில் குளிர்காலத்தைக் கழித்த முதல் மனிதர்கள் அவர்களே. பல வாரம் சூரியன் இல்லாத இருள். ஈறு வீங்கி, கால் வீங்கி, மனம் பேதலித்து ஒவ்வொருவராகப் படுத்தார்கள். ஸ்கர்வி. சீல் இறைச்சியையும் பென்குவின் இறைச்சியையும் அதிகம் வேகவைக்காமல் தின்னுங்கள் என்று கப்பல் மருத்துவர் மன்றாடினார். தலைவர் தெ ஜெர்லாஷ் அருவருப்பில் முதலில் மறுத்தார். தின்றவர்கள் எழுந்தார்கள். அந்த மருத்துவர் பெயர் ஃப்ரெடரிக் குக். இந்தப் பெயர் மறுபடி வரும்.

ஸ்கர்வியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பொதுவாக நாம் வரலாற்றில் அறிவு முன்னேறிக்கொண்டே போகும் என்று நினைக்கிறோம். இந்த நோயில் அறிவு பின்னால் போயிற்று. பெரிய எலுமிச்சையும் ஆரஞ்சும் ஸ்கர்வியைத் தீர்க்கும் என்று 1747இலேயே ஜேம்ஸ் லிண்ட் சோதித்துக் காட்டினார். அந்த நூற்றாண்டின் முடிவில் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்கியது, நோய் ஒழிந்தது. பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், மத்தியதரைக்கடல் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் லைம் என்ற சிறு எலுமிச்சை வந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டார்கள். லைமின் வீரியம் மிகக் குறைவு. 1875இல் வடக்கே போன நேர்ஸ் குழுவில் ஸ்கர்வி தலைவிரித்தாடியபோது, எலுமிச்சை மீதே நம்பிக்கை போயிற்று. கெட்டுப்போன டின் இறைச்சியின் நஞ்சுதான் இந்த நோய்க்குக் காரணம் என்ற கொள்கை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஸ்காட்டின் மருத்துவர்கள் படித்துவிட்டு வந்தது அந்தக் கொள்கையை. இதற்கிடையில், 1907இல், நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியம் கொடுத்து ஸ்கர்வியை வரவழைத்து, காய்கறி கொடுத்துத் தடுத்துக் காட்டிவிட்டார்கள். வைட்டமின் என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது, ஸ்காட் செத்த ஆண்டில். ஒரு கைப்பிடி நெல்லிக்காயில் தீரக்கூடிய நோய் அது.

இனித் தென் துருவப் போட்டிக்கு வருகிறேன். 1909 செப்டம்பர் முதல் தேதி டாக்டர் குக், வடதுருவத்தை முந்தைய ஆண்டே தொட்டுவிட்டேன் என்று உலகுக்குத் தந்தி அடித்தார். ஐந்து நாள் கழித்து ராபர்ட் பியரி, தொட்டவன் நான்தான், குக் சொல்வது பொய் என்றார். இருவர் சொன்னதையும் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆனால் அன்று அந்தச் செய்தி அமுண்ட்சென்னின் தலையில் இடியாக விழுந்தது. நார்வேயின் மூத்த துருவப் பயணி நான்சென்னிடம் 'ஃப்ராம்' கப்பலை இரவல் பெற்று, கடன்பட்டு, அவர் போகவிருந்தது வடதுருவத்துக்குத்தான். ஏற்கெனவே தொட்ட இடத்துக்குப் போக யார் பணம் கொடுப்பார்கள்? யாரிடமும் சொல்லாமல் மனத்துக்குள் திசையை மாற்றிக்கொண்டார். 1910 மார்ச்சில் மோட்டார் வண்டியைச் சோதிக்க நார்வேக்கு வந்த ஸ்காட் அவரைச் சந்திக்க விரும்பினார். அமுண்ட்சென் கண்ணில் படவே இல்லை. கப்பல் மதேராத் தீவை அடைந்த பிறகு, செப்டம்பரில்தான், தெற்கே போகிறோம் என்று தன் ஆட்களிடமே சொன்னார். அக்டோபரில் மெல்பர்னில் இறங்கிய ஸ்காட்டின் கையில் ஒரு தந்தி இருந்தது. ஃப்ராம் அண்டார்க்டிகாவுக்குப் போகிறது என்று மட்டும் தெரிவிக்கிற ஓரிரு வரிகள்.

இந்த மறைப்பை நான் நியாயப்படுத்தமாட்டேன். அமுண்ட்சென்னைக் குற்றமற்றவராகக் காட்டுவதும் என் நோக்கமில்லை. முந்திவிட வேண்டும் என்ற பதற்றம் அவரையும் ஆட்டியது. 1911 செப்டம்பர் 8ஆம் தேதி, குளிர் குறையும் முன்பே ஏழு பேருடன் கிளம்பிவிட்டார். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 50 பாகையையும் தாண்டியது. நாய்கள் விறைத்தன, ஆட்களின் குதிகால் உறைந்தது. திரும்பி ஓடினார்கள், தலைவரே முன்னால் போய்விட்டார். பின்தங்கிய பிரெஸ்ட்ருட் என்ற இளைஞரை விட்டுவிடாமல் கூடவே இருந்து, நள்ளிரவில் முகாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் யால்மர் யோஹான்சென். ஒருகாலத்தில் நான்சென்னோடு வடக்கே 86 பாகைவரை போய், கரடி இறைச்சியும் வால்ரஸ் இறைச்சியும் தின்று குளிர்காலத்தைத் தாண்டிய அனுபவசாலி. மறுநாள் காலை அவர் எல்லோர் முன்னாலும் தலைவரைக் கண்டித்தார். சொன்னது சரி. ஆனால் அமுண்ட்சென் அதை மன்னிக்கவில்லை, துருவக் குழுவிலிருந்து அவரை நீக்கினார். ஊர் திரும்பிய யோஹான்சென் 1913 ஜனவரியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். துருவத்தில் நாட்டிய கொடியைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரையும் எழுத வேண்டும்.

அக்டோபரில் ஐந்து பேர், நான்கு வண்டி, 52 நாய்களோடு மறுபடி கிளம்பினார்கள். 80, 81, 82 பாகைகளில் ஏற்கெனவே ஏறத்தாழ மூன்று டன் சரக்கு காத்திருந்தது. அங்கே கிடங்கு வைத்த முறையைக் கவனியுங்கள். கிடங்குக்குக் கிழக்கே பத்துக் கொடி, மேற்கே பத்துக் கொடி, ஒவ்வொன்றிலும் எண். புயலில் வழி தவறி எந்தக் கொடியைப் பார்த்தாலும் கிடங்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று அந்த எண் சொல்லிவிடும். ஒருநாளுக்கு இத்தனை மைல்தான் என்று வரம்பு, மீதி நேரம் ஓய்வு. தச்சு வேலை தெரிந்த பியாலண்ட் குளிர்காலம் முழுதும் வண்டிகளை இழைத்து இழைத்து எடையை மூன்றில் ஒரு பங்காக்கியிருந்தார். மண்ணெண்ணெய்த் தகரங்களுக்குப் பற்றவைப்பு. மலையேறி முடித்ததும் 24 நாய்களைச் சுட்டுத் தாமும் தின்று மற்ற நாய்களுக்கும் போட்டார்கள். சுட்டவர்களே அந்த இடத்துக்குக் கசாப்புக்கடை என்று பெயர் வைத்தார்கள். கேட்கவே நெஞ்சு பதறுகிறது. ஆயினும் அந்தப் புதிய இறைச்சிதான் அவர்களுக்கு ஸ்கர்வி வராமல் காத்தவற்றில் ஒன்று. டிசம்பர் 14ஆம் தேதி துருவம். ஜனவரி 25ஆம் தேதி தளம். 99 நாள். மீண்ட நாய்கள் 11.

ஸ்காட் துருவத்தைத் தொட்டது ஜனவரி 17. நார்வேக் கொடியும் கூடாரமும் அங்கே முன்பே நின்றன.

ஸ்காட் குழுவின் சாப்பாட்டைப் பார்ப்போம். மலைக்கு மேல் ஆளுக்கு ஒருநாளுக்கு 16 அவுன்ஸ் பிஸ்கட், 12 அவுன்ஸ் பெம்மிக்கன், இரண்டு அவுன்ஸ் வெண்ணெய், மூன்று அவுன்ஸ் சர்க்கரை, கொஞ்சம் கோகோ, தேயிலை. பெம்மிக்கன் என்பது உலர்ந்த இறைச்சியை இடித்துக் கொழுப்பை உருக்கி ஊற்றிக் கட்டியாக்கியது. நம் உப்புக்கண்டத்தை உப்பில்லாமல் இடித்து நெய்யில் பிசைந்தாற்போல நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஏறத்தாழ 4,500 கலோரி. ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளிக்கே இது தாராளம் என்று தோன்றும். ஆனால் மூவாயிரம் மீட்டர் உயரத்தில், உறைகுளிரில், நாளெல்லாம் தோள்வாரில் வண்டி இழுக்கிறவனுக்கு ஆறாயிரத்துக்கு மேல் வேண்டும். ஒவ்வொரு நாளும் அவர்கள் தங்கள் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று நடந்தார்கள். பிஸ்கட்டிலும் பெம்மிக்கனிலும் வைட்டமின் சி துளியும் இல்லை. குழுவிலேயே பெரிய உடம்புக்காரர் எட்கர் எவன்ஸ். சிறிய உருவம் கொண்ட பவர்ஸுக்கும் அவருக்கும் ஒரே அளவு. எவன்ஸ்தான் முதலில் சரிந்தார், பிப்ரவரி 17ஆம் தேதி, பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரத்தில். சமபங்கு என்பது நியாயமாகத்தான் தோன்றியிருக்கும்.

நால்வருக்கென்று கட்டிய மூட்டை, நால்வருக்கான கூடாரம். கடைசி நேரத்தில் ஐந்தாமவராகப் பவர்ஸைச் சேர்த்துக்கொண்டார் ஸ்காட். ஐந்து பேருக்கு அடுப்பு கூடுதல் நேரம் எரிய வேண்டும். அடுப்பு என்றதும் எனக்கு வேறு நினைவே வருவதில்லை. அவர்கள் கொண்டுபோனது ப்ரைமஸ், ஸ்டாக்ஹோமில் 1892இல் உருவான அழுத்த அடுப்பு. என் தந்தையார் கடையில் வரிசையாகக் கிடந்த பித்தளை ஸ்டவ்களின் மூத்த பிறவி. அந்தப் பாலைவனத்தில் நீர் கிடையாது, பனியை உருக்கினால்தான் ஒரு வாய்த் தண்ணீர். எண்ணெய் குறைந்தால் தாகம், உறைந்த உணவு, உலராத காலுறை, அழுகும் கால்விரல். ஒவ்வொரு கிடங்கிலும் தகரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள், ஒவ்வொன்றிலும் குறைவு. தோல் வாஷர் குளிரில் இறுகிச் சுருங்கியிருந்தது, எண்ணெய் ஆவியாகவும் கசிந்தும் போயிருந்தது. 1901இல் ஸ்காட் போன முந்தைய 'டிஸ்கவரி' பயணத்திலேயே இந்தக் குறை தெரியவந்திருந்தது என்பதுதான் மனத்தை அறுக்கிறது. அமுண்ட்சென்னின் பற்றவைத்த தகரங்களை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். 1929இல் பெட்டி மலையடியில் அவர் விட்டுப்போன கற்குவியலை லாரன்ஸ் கூல்ட் என்ற அமெரிக்க நிலவியலாளர் பிரித்துப் பார்த்தார். அமுண்ட்சென்னின் கடிதத்தோடு மண்ணெண்ணெய்த் தகரமும் அங்கே இருந்தது.

குளிரையும் சொல்லாவிட்டால் ஸ்காட்டுக்கு அநியாயம் செய்தவனாவேன். 1912 மார்ச் வழக்கமான மார்ச் அல்ல என்று வளிமண்டல விஞ்ஞானி சூசன் சாலமன் பிற்காலத்து வெப்பநிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகை வரை இறங்கிய நாட்கள் வந்தன. அவ்வளவு குளிரில் வண்டியின் அடிக்கட்டைக்குக் கீழே பனி உருகி நீர்ப்படலம் உண்டாகாது. வண்டி சறுக்காது. ஆற்று மணலில் மரப்பெட்டியை இழுப்பதுபோல இழுக்க வேண்டும். கால்கள் உறைந்து நடக்க முடியாமல் போன ஓட்ஸ், தன்னால் மற்ற மூவரும் தாமதப்படுவதைப் பொறுக்காமல் மார்ச் நடுவில் ஒரு காலை கூடாரத்தைவிட்டுப் புயலுக்குள் இறங்கி நடந்தார். அவர் உடல் கிடைக்கவே இல்லை.

அதே நாட்களில் ஒரு டன் கிடங்கில் ஓர் இளைஞர் காத்திருந்தார். ஆப்ஸ்லி செரி-கரார்ட், 26 வயது, கிட்டப்பார்வைக்காரர். கூட நாய் ஓட்டும் ரஷ்யர் டிமிட்ரி கெரோவ். துருவத்திலிருந்து வருகிறவர்களுக்கு உணவு கொண்டுபோய் வைக்க வந்தவர்கள். லெப்டினன்ட் டெடி எவன்ஸ் ஸ்கர்வியில் சாகக்கிடந்ததால் (இவர் வேறு எவன்ஸ்) மருத்துவர் அவரைவிட்டு நகர முடியவில்லை, அதனால் வழி கணிக்கப் பழகாத இவரை அனுப்பினார்கள். டெடி எவன்ஸ் பிழைத்ததே டாம் கிரீன் என்ற ஐரிஷ் மாலுமியால்தான். சட்டைப்பையில் மூன்று பிஸ்கட்டோடு தனியாளாய்ப் பதினெட்டு மணிநேரம் பனியில் நடந்து உதவி கொண்டுவந்தார். லாஷ்லி என்பவர் அதுவரை நோயாளியைப் பாதுகாத்தார். செரி-கரார்ட் கிடங்கில் ஏறத்தாழ ஒரு வாரம் இருந்தார். பாதி நாள் பனிப்புயல். நாய்களுக்குத் தீனி இல்லை, நாய்களைப் பணயம் வைக்கக் கூடாது என்பது உத்தரவு. மார்ச் 10ஆம் தேதி வடக்கே திரும்பினார். அன்று ஸ்காட் குழு தெற்கே அறுபது மைலுக்குச் சற்று அதிகமான தொலைவில் உயிரோடு இருந்தது.

நவம்பரில் கோவேறு கழுதைகளோடு போய் அந்தக் கூடாரத்தைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். வில்சனும் பவர்ஸும் அவருடைய உயிர் நண்பர்கள். முந்தைய குளிர்காலத்தில் எம்பரர் பென்குவினின் முட்டை தேடி, மைனஸ் 60 பாகை இருளில், பல் கிட்டிக்க ஐந்து வாரம் மூவரும் ஒன்றாக நடந்தவர்கள். 1959இல் இறக்கும்வரை, நான் இன்னும் கொஞ்சம் தெற்கே போயிருந்தால் என்ற எண்ணம் அவரை விடவில்லை. அவரை நான் குற்றம் சொல்ல முடியவில்லை. நீங்களும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். குதிரையைத் தேர்ந்ததும், கிடங்கை முன்னாலேயே இறக்கியதும், வாஷரை மாற்றாததும், ஐந்தாமவரைச் சேர்த்ததும் எல்லாம் சேர்ந்து கடைசியில் அந்த இளைஞரின் தலையில் போய் இறங்கின.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். டாக்டர் குக் பிற்காலத்தில் எண்ணெய்ப் பங்கு மோசடி வழக்கில் சிறைப்பட்டார். உலகம் அவரைப் பொய்யன் என்று ஒதுக்கியிருந்த 1926இல், லெவன்வொர்த் சிறைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தவர் அமுண்ட்சென். பெல்ஜிகாவில் சீல் இறைச்சி கொடுத்த கையை அவர் மறக்கவில்லை.

அட்கின்சன் கூடாரத்தின் கம்புகளை உருவி அதையே மூவருக்கும் போர்வையாக்கினார். மேலே பனிமேடு கட்டி, ஸ்கீ கட்டைகளால் சிலுவை நாட்டினார்கள். ஸ்கீ கற்றுக்கொடுக்க ஸ்காட் சேர்த்துக்கொண்ட நார்வே இளைஞர் டிரிக்வே கிரான் அந்தக் குழுவில் இருந்தார். அவர் தம் கட்டைகளை அங்கே விட்டுவிட்டு, ஸ்காட்டின் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு தளம்வரை நடந்தார். அவையாவது பயணத்தை முடிக்கட்டும் என்று.

கூடாரத்தருகே வண்டியில் 16 கிலோ கற்கள் கிடைத்தன. துருவத்திலிருந்து திரும்பும்போது, பிப்ரவரி 8ஆம் தேதி, பக்லி மலைச்சரிவில் வில்சன் பொறுக்கியவை. பசியிலும் நிலக்கரிப் படுகையைக் கண்டதும் அவர் நின்றுவிட்டார். அந்தக் கற்களில் நாக்கு வடிவத்தில் ஓர் இலையின் பதிவு இருந்தது. கேம்பிரிட்ஜின் ஆல்பர்ட் சீவர்ட் அதை ஆராய்ந்து 1914இல் குளோசோப்டெரிஸ் இண்டிகா என்றார். பெயரிலேயே இந்தியா இருக்கிறது, ஏனென்றால் அந்த இலை ஏற்கெனவே நம் நாட்டு நிலக்கரிப் பாறைகளிலிருந்து அறியப்பட்டது. இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒருகாலத்தில் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்தன என்பதற்கு அந்த இலை ஒரு சாட்சி. அந்தக் காட்டின் கரிதான் ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து கப்பலேறி வந்து தூத்துக்குடியில் மின்சாரமாக எரிகிறது.

மார்ச் மாதம் முழுவதும் அவர்கள் வண்டியின் ஒவ்வோர் அவுன்ஸையும் எண்ணிப் பார்த்தார்கள், எதையெல்லாமோ வழியில் வீசினார்கள். அந்தக் கற்களைக் கடைசி வரை இறக்கவில்லை.